நான்கு தராசு, ஒரே பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் 'இப்போ என்ன ஓடுது?' பக்கத்தைத் தொடங்கியது நல்ல யோசனை. ஆனால் அதில் வரும் 'டாப் 10' பட்டியல் துணியை முழத்திலும் அரிசியைப் படியிலும் அளந்துவிட்டு, எது அதிகம் என்று கேட்கிற கதையாக இருக்கிறது. சென்ற இதழில் முதலிடம் ஓர் இரவு நேர சீரியலுக்கு, டிஆர்பியை, அதாவது டிவி ரேட்டிங்கை வைத்து. இரண்டாமிடம் நெட்ஃபிளிக்ஸ் படத்துக்கு, 'வியூஸ்' கணக்கில். மூன்றாவது ஒரு யூடியூப் நிகழ்ச்சி. நான்காவது கிரிக்கெட், 'ஒரே நேரத்தில் இத்தனை கோடிப் பேர்' என்ற கணக்கில். நான்கும் நான்கு தராசு. இவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசைப்படுத்த எந்த வழியும் கிடையாது.

முதலில் டிவி. 2015 முதல் இந்தக் கணக்கை எடுப்பது பார்க் இந்தியா (BARC). சேனல்களும் விளம்பரதாரர்களும் விளம்பர ஏஜென்சிகளும் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. பார்க் அளக்கும் ஒவ்வொரு சேனலும் ஒலிபரப்பும் சத்தத்துக்குள் காதுக்குக் கேட்காத ஒரு குறியீடு கலந்திருக்கும். தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி பக்கத்தில் வைத்திருக்கும் மீட்டர் அந்தக் குறியீட்டைப் பிடித்து, எந்தச் சேனல், எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பதை மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக வீட்டில் ஆளுக்கொரு பட்டன் உண்டு; உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். பாட்டி பட்டனை அழுத்தாமல் தூங்கப் போய்விட்டால் அவர் பதினோரு மணிச் செய்தியையும் 'பார்த்தவர்' ஆகிவிடுவார். மீட்டர் வீடுகளை அடிக்கடி சரிபார்ப்பதும் வழக்கத்துக்கு மாறாக விலகி நிற்கும் தரவைக் கழிப்பதும் இதனால்தான்.

மத்திய அரசு 2025 ஜூலையில் சொன்ன கணக்குப்படி, சுமார் 23 கோடி டிவி வீடுகளுக்கு 58,000 மீட்டர். அதாவது ஒரு வீடு ஏறக்குறைய 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. 'இவ்வளவு சின்ன மாதிரியா?' என்று வாசகர் கடிதங்களில் பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. ரத்தப் பரிசோதனைக்கு உடம்பு ரத்தம் முழுவதையும் எடுப்பதில்லையே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கும் சரிதான். பிரச்சினை பானையைக் கூறுபோடும்போது வருகிறது. தமிழ்நாடு மட்டும், அதில் நகரம் மட்டும், அதில் 22 முதல் 30 வயது மட்டும் என்று நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது சில பத்து வீடுகள்தான். செய்தி சேனல்களுக்கு இது இன்னும் மோசம். பார்ப்பவர்களே குறைவு என்பதால் நாலைந்து வீடுகள் மாறினாலே வரிசை மாறும். 2020 அக்டோபரில் சில சேனல்களைப் பார்க்கச் சொல்லி மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக மும்பையில் புகார் கிளம்பியதும் செய்தி சேனல்களின் ரேட்டிங்கை நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் திரும்ப வந்தபோது வாரக் கணக்காக இல்லாமல் நான்கு வாரச் சராசரியாகத்தான் வந்தது. ஆகவே உங்கள் பக்கத்தில் செய்தி சேனலையும் சீரியலையும் ஒரே 'வார' வரிசையில் போடுவது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது எண்ணின் அர்த்தம். பார்க் வெளியிடும் முக்கிய எண் ஏஎம்ஏ: சராசரியாக ஒரு நிமிடத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது. 1,000 பேர் இருக்கும் ஊர் ஒன்றை வைத்துக்கொள்வோம். அரை மணி நேர சீரியலை 70 பேர் முழுதாகப் பார்த்தார்கள், 30 பேர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்தார்கள். மொத்தம் 2,100 + 300 = 2,400 நிமிடம். 30-ஆல் வகுத்தால் 80. ஊரில் 1,000 பேர் என்பதால் அது 8 சதவீதம்; ரேட்டிங் 8.0. ஞாயிற்றுக்கிழமை 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக' ஒரு படம் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. 200 பேர் வந்து போகிறார்கள், ஆளுக்குச் சராசரியாக 70 நிமிடம். மொத்தம் 14,000 நிமிடம். 210-ஆல் வகுத்தால் 67, ரேட்டிங் 6.7. இரண்டு மடங்கு ஆட்கள் எட்டிப் பார்த்த படம் பட்டியலில் சீரியலுக்குக் கீழே நிற்கும். நீங்கள் 'படத்தை ஜனங்கள் கைவிட்டார்கள்' என்று தலைப்புப் போடுவீர்கள். சமூக வலைதளங்களில் சுற்றும் 'டிஆர்பி 9.8' போஸ்டர்களில் எந்த வயது, நகரமா கிராமமும் சேர்த்தா என்று பெரும்பாலும் இருக்காது. அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

இதில் விட்டுப்போவது என்ன என்றும் வாசகருக்குத் தெரிய வேண்டும். இரவு எட்டரை சீரியலை மறுநாள் காலை சமையலுக்கு நடுவே போனில் ஜியோஹாட்ஸ்டாரிலோ சன் நெக்ஸ்ட்டிலோ ஜீ5-இலோ பார்ப்பவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

நெட்ஃபிளிக்ஸ் கணக்கு வேறு ஜாதி. மொத்தம் ஓடிய மணி நேரத்தை அந்தப் படைப்பின் நீளத்தால் வகுத்து வருவதைத்தான் 2023 ஜூன் முதல் 'வியூஸ்' என்கிறார்கள். அதற்கு முன் மணி நேரத்தை மட்டும் வைத்தே வரிசைப்படுத்தினார்கள். என்ன வித்தியாசம் வந்துவிடும் என்றால், இதோ அவர்களே வெளியிட்ட எண்கள்: 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' நான்காம் சீசன் முதல் 91 நாளில் 183.8 கோடி மணி நேரம் ஓடியது. 'வெட்னஸ்டே' முதல் சீசன் 171.9 கோடி மணி நேரம். பழைய கணக்கில் முன்னது ஜெயிக்கும். ஆனால் முன்னதன் நீளம் 13 மணி 4 நிமிடம், பின்னதன் நீளம் 6 மணி 49 நிமிடம். வகுத்தால் முன்னது 14 கோடி, பின்னது 25 கோடி. அதே பார்வையாளர்கள், அதே சோபா. கணக்கை மாற்றினால் இடம் தலைகீழ். இந்த 'வியூ' ஓர் ஆளைக் குறிப்பதும் இல்லை. இரண்டு பேர் பாதிப் பாதி பார்த்துவிட்டு விட்டால் ஒன்று. ஐந்து பேர் ஒரே டிவியில் முழுதாகப் பார்த்தாலும் ஒன்றுதான். டிவி மீட்டர் அந்த ஐந்து பேரையும் தனித்தனியாக எண்ணியிருக்கும்.

உங்கள் பட்டியலில் நேரான பிழை ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் நாடு வாரியாகத் தருவது இடத்தை மட்டும்தான். எத்தனை வியூஸ் என்ற எண் உலக அளவுக்குத்தான் உண்டு. இந்தியப் பட்டியலின் இடத்தையும் உலக எண்ணையும் ஒரே வரியில் எழுதினால் அத்தனை கோடியும் இந்தியாவிலேயே பார்த்ததாக ஆகிவிடுகிறது. டப்பிங் பதிப்புகளிலும் கவனம் வேண்டும். 'ஆர்ஆர்ஆர்' படத்தின் இந்திப் பதிப்பு 2022-இல் நெட்ஃபிளிக்ஸிலும், தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடப் பதிப்புகள் ஜீ5-இலும் வந்தன. நெட்ஃபிளிக்ஸ் எண்ணை வைத்துத் தமிழ் ரசிகர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

யூடியூப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வீடியோவுக்குக் கீழே இருக்கும் எண் உலகம் முழுவதற்கும், ஏற்றிய நாள் முதல் இன்றுவரைக்கும் சேர்த்தது. வாரக் கணக்கே அல்ல. ஷார்ட்ஸ் எனும் குட்டி வீடியோ என்றால் 2025 மார்ச் 31 முதல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. சீரியல் புரோமோ ஷார்ட்ஸில் கோடியைத் தாண்டியது என்ற செய்தியை இனி எப்படிப் படிப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட்டுக்கு ஓர் உதாரணம் போதும். 2023 நவம்பர் 19, அகமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. டிவியில் எட்டிப் பார்த்தவர்கள் 30 கோடி என்றார்கள். டிவியில் உச்ச நேரத்தில் ஒன்றாகப் பார்த்தவர்கள் 13 கோடி. ஹாட்ஸ்டாரில் உச்சம் 5.9 கோடி. மூன்றும் ஒரே மேட்ச். ஒவ்வொரு பத்திரிகையும் தனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொண்டது.

பக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுதவில்லை. பத்து இடத்தை நாலு சின்னக் கட்டமாகப் பிரியுங்கள்: டிவி, ஓடிடி, யூடியூப், நேரலை. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி: யார் எடுத்த கணக்கு, எந்த ஊர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன அளவு. 'பார்க், தமிழ்நாடு–புதுச்சேரி, சனி முதல் வெள்ளி வரை, சராசரி நிமிடப் பார்வையாளர்' என்று போட்டால் முடிந்தது. தேதி முக்கியம். பார்க் வாரம் சனி முதல் வெள்ளி, வெளிவருவது அடுத்த வியாழன். நெட்ஃபிளிக்ஸ் வாரம் திங்கள் முதல் ஞாயிறு, வெளிவருவது செவ்வாய். வெள்ளிக்கிழமை கடைக்கு வரும் உங்கள் இதழில் 'இந்த வாரம்' என்று இருக்கும் சீரியல் கணக்கு போன வெள்ளியோடு முடிந்துபோனது.

பக்கத்தின் ஓரத்தில் வரும் வாசகர் தபால் கட்டம்தான் எனக்கு இதில் பிடித்தது. அதையும் கேள்வி கெடுக்கிறது. 'நீங்கள் இப்போது விரும்பிப் பார்ப்பது எது?' என்று கேட்டால் எல்லோரும் கொரியத் தொடர், மலையாளப் படம் என்று கௌரவமான பதிலாக எழுதுவார்கள். வீட்டில் ஓடியது வேறாக இருக்கும். 'நேற்று இரவு 8 முதல் 10 வரை உங்கள் வீட்டுத் திரையில் என்ன ஓடியது?' என்று கேளுங்கள். கூடவே நாலு துணைக் கேள்வி: எந்தச் சேனல் அல்லது ஆப், எந்த மொழியில், எத்தனையாவது எபிசோடில் இருக்கிறீர்கள், நடுவில் விட்டிருந்தால் எங்கே, ஏன். படத்தின் பெயரோடு ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள். 'பில்லா' என்று மட்டும் எழுதினால் 1980-ஆ 2007-ஆ என்று தெரியாது. வரும் 60 தபாலை '40 சதவீதம் பேர்' என்று மாற்ற வேண்டாம். '60 பேரில் 24 பேர்' என்றே போடுங்கள்.

இடம் போதாது என்றால், முதலிடம் பிடித்த நடிகையின் கால் பக்கப் புகைப்படத்தைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி