செய்வினை இல்லை அம்மா, மீன் தூண்டில்

லெஸ்டர், இங்கிலாந்து
ஏப்ரல் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலந்தானே? போன ஞாயிறு வீடியோ காலில் என் மேசையைப் பார்த்ததும் நீ திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாய். ஏன் என்று மறுநாள் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. கறுப்புச் சேவல் இறகு, கறுப்பு நூல், வெள்ளிச் சரிகை, வளைந்த முள். யாரோ எனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோய், காளியம்மன் கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கி வைத்திருக்கிறாயாம். போனில் விளக்கலாம் என்றால், நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அது மீன் பிடிக்கிற சாமான், அம்மா. என்னை யாரும் எதுவும் செய்யவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். மனைவி தவறிப்போய் இரண்டு வருடமாகிறது. குளிர்காலம் முழுவதும், நான் இரவு வேலை முடிந்து வரும் நேரத்தில் அவர் ஜன்னலோரம் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டேன். உள்ளே அழைத்துக் காட்டினார். ஒரு சின்ன இடுக்கியில் தூண்டில் முள்ளைப் பொருத்திவைத்து, அதன்மேல் இறகையும் நூலையும் சுற்றிச் சுற்றிக் கட்டுகிறார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு நீ கட்டிய மல்லிகைச் சரங்கள்தான் சட்டென்று நினைவுக்கு வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னையும் உட்காரவைத்துக் கட்டச் சொல்வாயே, நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேனே, அந்த வேலைதான்.

இதற்கு ஃபிளை என்று பெயர். ஈ என்று அர்த்தம். ஆனால் நான் கட்டுவதைப் போல எந்த ஈயும் உலகத்தில் கிடையாது. பூச்சியைப் பார்த்து அதே மாதிரி கட்டுபவை வேறு. இது லூர் வகை. எதைப் போலவும் இருக்காமல், மீனை ஆசைகாட்டியோ எரிச்சல்படுத்தியோ கவ்வவைப்பது. நான் கட்டுவதன் பெயர் பிளாக் செனில். பக்கத்து நார்தாம்ப்டன் ஊர்க்காரர் பாப் சர்ச் உண்டாக்கியது. 1970களில் இங்குள்ள நீர்த்தேக்கங்களில் லூர் வீசுவதைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவராம்.

செனில் என்பது பஞ்சு பஞ்சாக இருக்கும் ஒரு நூல். பிரெஞ்சில் கம்பளிப்பூச்சி என்று பொருளாம். பார்த்தால் நீயும் அதைத்தான் சொல்வாய். முதலில் முள்ளின் வளைவருகே கறுப்பு இறகுத் தும்பு கொஞ்சம் வைத்து வால் கட்டவேண்டும். பிறகு சரிகையையும் செனிலையும் அங்கேயே சேர்த்துக் கட்டவேண்டும். செனிலின் நுனிப் பஞ்சை மட்டும் நகத்தால் உருவிவிட்டு, உள்ளிருக்கும் நூலைத்தான் கட்டவேண்டும்; இல்லாவிட்டால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும். செனிலை முன்னோக்கி நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் சரிகையை இடைவெளி விட்டு நாலைந்து சுற்று. கழுத்துக்குக் கீழே தாடி மாதிரி கொஞ்சம் தும்பு. மேலே நான்கு சேவல் இறகுகள், இரண்டிரண்டாக முதுகோடு முதுகு ஒட்டி, அதுதான் இறக்கை.

என் முதல் மூன்றும் குப்பைக்குப் போயின. ஆசையில் செனிலை முள்ளின் காதுவரை சுற்றிவிடுவேன். இறக்கை கட்ட இடமிருக்காது. கடைசி முடிச்சில் மட்டும் பெரியவர் அசந்துபோனார். நீ பூவுக்குப் போடுகிற சுருக்கையே விரலில் நூலைத் திருகிப் போட்டு இழுத்தேன். அவர் அதற்கென்று ஒரு கம்பிக் கருவி வைத்திருக்கிறார்! ஆனால் ஒற்றைச் சுருக்கு நெகிழ்ந்துவிடும், நூலின் முனை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைந்து போகும்படி நாலைந்து சுற்று போட்டு இழுக்கவேண்டும் என்று திருத்தினார். அதையும் விரலாலேயே போடுகிறேன். மேலே ஒரு சொட்டு வார்னிஷ். நீ வீடியோவில் பார்த்த குப்பி அதுதான்.

இன்னொன்று. அவரிடம் அவருடைய அப்பா காலத்துத் தகர டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே கழுத்து இறகுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சளும் வெள்ளையுமாக மெழுகு சொட்டியது போலப் பொட்டு. எங்கேயோ பார்த்தது போலிருந்தது. சிறுமலையில் அப்பா காட்டிய காட்டுச் சேவல், அம்மா! அந்தக் காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டும் தூண்டில்களில் கண் மாதிரி வைக்க நம் நாட்டிலிருந்து இங்கே வந்துகொண்டிருந்ததாம். இப்போது நம் நாடு ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது. அந்த இறகுக்காகவே இங்கே சிலர் அந்தச் சேவலை வளர்க்கிறார்களாம். அந்த டப்பாவிலிருந்து ஒரு ஜோடி இறகை என் தூண்டிலில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். அதை மட்டும் தண்ணீரில் போட மனம் வரவில்லை.

போன வாரம் ரட்லண்ட் வாட்டருக்குப் போனோம். க்வாஷ் என்ற ஆற்றை மறித்து 1970களில் கட்டிய நீர்த்தேக்கம். நார்மன்டன் தேவாலயம் பாதி உடம்பு மறைந்து தண்ணீரோரம் நிற்கிறது. உள்ளே கல்லும் கான்கிரீட்டும் கொட்டி, சுற்றிலும் கரை எழுப்பிக் காப்பாற்றியிருக்கிறார்கள். தூண்டில் போட அரசு லைசென்ஸ் வேண்டும், அன்றைய டிக்கெட் தனி. காற்று காதை அறுத்தது. நீ பின்னிய குல்லாயைத்தான் போட்டிருந்தேன். முதல் வீச்சில் முள் அந்தக் குல்லாயில்தான் மாட்டியது.

இதில் மண்புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. இறகுக்கு எடையில்லை, எடையெல்லாம் கயிற்றில். கயிற்றைப் பின்னால் எறிந்து, அது முழுவதும் நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னால் எறியவேண்டும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. தண்ணீர் இன்னும் குளிராக இருப்பதால் மீன் சோம்பிக் கிடக்கும், மெதுவாக இழு என்றார். கறுப்பு ஏன் என்றால், கீழேயிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் கறுப்புதான் பளிச்சென்று தெரியுமாம்.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு கயிறு விறைத்தது. விரலில் ஒரு வெட்டு. வானவில் ட்ரவுட், ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தலையில் ஒரே அடியாக அடித்துக் கொல்ல ஒரு குட்டித் தடி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் பாதிரியார்! கடைசிச் சடங்கு செய்து வைக்கிறதல்லவா. வயிற்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே கொசுவைவிடச் சற்றே பெரிய பூச்சிகள்தான். என் தூண்டிலைப் போல ஒன்றுகூட இல்லை. பின் எதற்கு இதைக் கவ்வியது என்று கேட்டேன். பெரியவர் தோளைக் குலுக்கினார்.

மிளகும் மஞ்சளும் தடவி வறுத்தேன். நம் விரால் ருசி இல்லை. பெரியவர் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

மந்திரித்த கயிற்றை அனுப்பு, கட்டிக்கொள்கிறேன். வரும் ஞாயிறு அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நீ பூக் கட்டுவதைப் பார்க்கவேண்டுமாம். ஒரு முழம் கட்டிக் காட்டு. கையை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டு, அவருக்குப் பார்வை மங்கல்.

அன்புடன்,
உன் மகள்