சுற்றுலா வழிகாட்டிகளுக்கு உரிமம் ஏன் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அரசு உரிமம் கட்டாயமாக வேண்டும் என்று யாராவது சொன்னால், "பேசத் தெரிந்தவர் பேசுகிறார், விருப்பமுள்ளவர் கேட்கிறார், இதில் அரசுக்கு என்ன வேலை?" என்ற எதிர்க்கேள்வி உடனே வருகிறது. இந்தத் தொழிலில் காசு கொடுப்பவரின் நிலை என்ன என்பதை யோசிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது.

துணி எடுப்பவர் தடவிப் பார்த்து எடுக்கலாம். ஒரு கோட்டையின் வரலாற்றைக் காசு கொடுத்துக் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. சொல்லப்படும் ஆண்டும் அரசர் பெயரும் சரிதானா என்று நின்ற இடத்தில் சோதித்துக்கொள்ள முடியாது. சொன்னது தவறு என்று ஊர் திரும்பிய பிறகு தெரிந்தாலும், அதே வழிகாட்டியை அவர் மறுபடி சந்திக்கப்போவதில்லை. வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்ற அச்சம் மற்ற வணிகங்களில் ஓரளவுக்கு நேர்மையைக் காக்கிறது என்றால், இங்கே அந்த அச்சத்துக்கே இடமில்லை. இணையத்தில் நட்சத்திர மதிப்பீடு இருக்கிறதே என்பார்கள். அது வழிகாட்டியின் கலகலப்பை அளக்குமே ஒழிய அவர் சொன்னதன் உண்மையை அளக்காது. சுவையாகப் புளுகுகிறவருக்கும் ஐந்து நட்சத்திரம் தாராளமாக விழும்.

தவறான ஆண்டைச் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கமிஷன் அப்படியல்ல. நுழைவாயிலுக்குச் சற்று முன்பே வழிமறித்து, "இன்று உள்ளே விடமாட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று அழைத்துச் சென்று கடையில் உட்கார வைப்பது உலகின் பல சுற்றுலாத் தலங்களில் பழகிப்போன தந்திரம். உள்ளே அழைத்துப் போகிறவர்களிலும் சிலர் நினைவுச்சின்னத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, கடையில் ஒரு மணி நேரம் காத்திருக்கத் தயாராக இருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்கான கூலி பொருளின் விலையிலேயே ஏற்றப்பட்டிருப்பது வாங்குபவருக்குத் தெரியாது. உரிம எண் பொறித்த அட்டை ஒருவரின் கழுத்தில் தொங்கினால், ஏமாந்தவர் யார் மீது, எங்கே புகார் கொடுப்பது என்பதாவது தெளிவாக இருக்கும்.

பயணியின் பணத்தோடு இது முடிவதில்லை. பிரான்சின் லாஸ்கோ குகை 1948-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வந்தவர்களின் மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரப்பதமும் பழங்கால ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கியதால் 1963-இல் மூடப்பட்டது. மூச்சுக்காற்றே இந்தப் பாடு படுத்தும் என்றால், சுவரோவியத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லும் வழிகாட்டியால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் கட்டணம் வாங்கிக்கொண்டு வழிகாட்ட அங்குள்ள சுற்றுலா வாரியத்தின் உரிமம் தேவை. இத்தாலி 2023-இல் இயற்றிய சட்டம், தேசிய அளவில் தேர்வையும் பதிவேட்டையும் கொண்டுவந்தது. அமெரிக்காவிலோ நீதிமன்றங்களே இருவேறாகத் தீர்ப்பளித்தன. 2014-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் உரிம விதியை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதே மாதத்தில் வாஷிங்டன் நகரின் விதியை, பேச்சுரிமைக்கு முரணானது என்று மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.

பேச்சுரிமை பற்றிய அந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்தமாட்டேன். அரசுக்குப் பிடித்த வரலாற்றை மட்டும் ஒப்பிக்கும் வாய்களை உருவாக்க உரிமம் பயன்படுமானால், அது இல்லாமலிருப்பதே மேல். எனவே வழிகாட்டி என்ன பேச வேண்டும் என்பதில் அரசு தலையிடக் கூடாது. அவருக்கு அந்த இடத்தைப் பற்றிய அடிப்படை அறிவும் முதலுதவிப் பயிற்சியும் இருக்கின்றனவா, பாதுகாப்பு விதிகள் தெரியுமா, கமிஷனை மறைக்காமல் சொல்கிறாரா என்பதோடு அதன் வேலை நிற்க வேண்டும்.

இன்னொன்று, பட்டப்படிப்பைத் தகுதியாக வைத்தால், பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும் அந்த இடத்தின் ஒவ்வொரு கல்லையும் அறிந்த மூத்த வழிகாட்டிகள்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். அவர்களுக்கு அந்தத் தலத்திலேயே, அவர்கள் மொழியிலேயே வாய்மொழித் தேர்வு நடத்தலாம். கட்டணமும் குறைவாக இருக்கட்டும். உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கக் கூடாது. வைத்தால், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் புதியவர்களுக்குக் கதவை அடைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்