மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், மழையையும் பார்க்காமல் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் போன வருடப் பொதுக்குழுவில் நாம் ஒரு தீர்மானம் போட்டோம். திருச்சியில் நேரில் கேட்ட கச்சேரிகளையும் அவை நடந்த இடங்களையும் கேட்டவர்களின் வாய்மொழியாகவே பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது தீர்மானம். அதை முன்மொழிந்த மூத்த உறுப்பினர், "பாடினவங்க பேரெல்லாம் புஸ்தகத்துல இருக்கு. கேட்டவங்க பேரு எதுல இருக்கு?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வருடம் முழுக்க நாம் செய்த வேலை அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதுதான். அதனால் வழக்கமான விவரங்களைச் சுருக்கிக்கொண்டு, பதிவு வேலையைப் பற்றியே இந்த அறிக்கையில் அதிகம் சொல்கிறேன்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. மார்ச் மாதம் தேர்வு நேரம் என்பதால் பள்ளி வகுப்பறை கிடைக்கவில்லை. செயற்குழு 5 முறை கூடியது. புதிதாக 9 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் 4 பேர் இப்போது கல்லூரியில் படிப்பவர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பதிவு வேலையில் 41 பேரிடம் பேசினோம். செல்போனில்தான் பதிவு செய்தோம். எல்லோரிடமும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் கேட்ட முதல் கச்சேரியை எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்?" இந்தக் கேள்வியே தப்பு என்று நான்கைந்து பேரிடம் பேசிய உடனே தெரிந்துவிட்டது. பெரும்பாலானவர்கள் உட்காரவே இல்லை. வாசற்படி ஓரம், பந்தலுக்கு வெளியே, சைக்கிள் கேரியர் மேல், காம்பவுண்டுச் சுவர்மேல், தூணுக்குப் பின்னால் என்று நின்றே கேட்டிருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு வயது பதினேழு, பதினெட்டு. டிக்கெட் வாங்கக் காசில்லாத ஹாஸ்டல் பையன்கள். கேள்வியை "எங்கே நின்று கேட்டீர்கள்?" என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் பேச்சு தாராளமாக வந்தது.

திருச்சி எப்படி இப்படி ஒரு கேட்கிற ஊராக ஆனது என்று நாம் அடிக்கடி பேசியிருக்கிறோம். இந்தப் பதிவுகளைக் கேட்ட பிறகு எனக்கு ஒரு விடை தெரிகிறது. நாகப்பட்டினத்தில் இருந்த புனித வளனார் கல்லூரி 1883-இல் இங்கே வந்தது. 1919-இல் நேஷனல் கல்லூரி, 1923-இல் ஹோலி கிராஸ், 1951-இல் ஜமால் முகமதுவும் சீதாலட்சுமி ராமசாமியும், 1964-இல் துவாக்குடியில் ஆர்.இ.சி. (மண்டலப் பொறியியல் கல்லூரி, இன்றைய என்.ஐ.டி.) என்று வரிசையாகக் கல்லூரிகள் வந்தன. புதுக்கோட்டை, கரூர், அரியலூர், டெல்டா கிராமங்கள் என்று நாலா பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் இங்கே வந்து தங்கினார்கள். இன்னொரு பக்கம், ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் 1914-இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியிருந்தார். சிறுவன் தியாகராஜனை அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக அவர் மேடையேற்றியதும், அந்தச் சிறுவன் எம்.கே.டி. பாகவதர் ஆனதும் நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேலப்புலிவார்டு ரோட்டில் சபா, அதே ரோட்டில் தேவர் ஹால், தலைக்கு மேலே மலைக்கோட்டை, பக்கத்திலேயே தெப்பக்குளமும் கல்லூரியும். ஹாஸ்டலில் சாப்பிட்டுவிட்டு நடந்து போகிற தூரத்தில் பாட்டு இருந்தது. உள்ளே போகக் காசு இல்லாவிட்டாலும் காதில் விழும்படி கதவு திறந்திருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் ரசிகர்களை உண்டாக்கியிருக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆனால் அந்தக் கதவு ஆண் பிள்ளைகளுக்குத்தான் திறந்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நம் பதிவு பாதிதான். நாங்கள் பேசிய பெண் உறுப்பினர்கள் 12 பேரில் ஒருவர்கூட மாணவியாக இருந்தபோது வெளியே நின்று கச்சேரி கேட்டதில்லை. விளக்கு வைப்பதற்கு முன்னால் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். யாராவது பெரியம்மா துணைக்கு வந்தால் நவராத்திரிக்குக் கோயிலுக்குப் போகலாம், அவ்வளவுதான். அவர்களுக்கு அரங்கமாக இருந்தது வானொலி. அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16-ஆம் தேதி தொடங்கியது. ஒரு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஹால்ல ஒரே ஒரு ரேடியோ. திருவையாறு ஆராதனை அன்னிக்கு மட்டும் வார்டன் சத்தமா வைக்க விடுவாங்க. பஞ்சரத்ன கீர்த்தனைல ஸ்ரீராகம் வர்ற வரைக்கும் யாரும் சாப்பிடப் போக மாட்டோம்." பஞ்சரத்னம் என்ற தியாகராஜரின் ஐந்து கீர்த்தனைகளில் ஸ்ரீராகம்தான் கடைசி. அதுவரை காலைப் பலகாரம் ஆறிக்கொண்டிருக்கும். திருச்சியின் கச்சேரி இடங்கள் என்று பட்டியல் போட்டால் அந்த ஹாஸ்டல் கூடத்தையும் அதில் சேர்க்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழைய இடங்களை நடந்தே பார்த்து வந்தோம். 23 பேர் வந்தார்கள். மலைக்கோட்டையில் நூற்றுக்கால் மண்டபத்து முன்னால் நின்றபோது, அங்கே கச்சேரி கேட்ட பெரியவர் ஒருவர் லேசாக ஒருமுறை கைதட்டிக் காட்டினார். வெறும் சுவர்கள் மட்டும் இருக்கிற கூடத்தில் தட்டினால் சத்தம் சுளீரென்று திரும்பி வந்து அடிக்கும். இங்கே அப்படி வரவில்லை. இத்தனை தூண்களும் சத்தத்தை வாங்கிப் பல பக்கமும் சிதறடித்துவிடுவதால் மெதுவாகக் கரைந்து போனது. மைக் இல்லாத காலத்தில் பாடகருக்கு இது எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! ஜனம் நிறைந்துவிட்டால் வேட்டியும் புடவையும் இன்னும் கொஞ்சம் சத்தத்தை உறிஞ்சிவிடும். அப்போது மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியிலிருந்து எழும் கும்கி என்ற கனத்த நாதம் மட்டும் அடியில் நின்றுகொண்டே இருக்கும் என்றார் அவர். தூணுக்குப் பின்னால் நின்றால் பாடகர் முகம் தெரியாது, மிருதங்கக்காரரின் வலது கை மட்டும் தெரியும் என்றும் சொன்னார். திருச்சிக் காதுக்கு லயம், அதாவது தாள ஓட்டம், ஏன் இவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே இறங்கினோம்.

லயம் என்று வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். இரத்த உறவில்லாமலே "ஆலத்தூர் சகோதரர்கள்" என்று பெயர் வாங்கிய சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் பல்லவிக்கு, அதாவது ஒரே வரியைத் தாளக் கணக்கோடு விரித்துப் பாடுவதற்கு, பேர் போனவர்கள். பூவாளூரில் பிறந்து, மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் கற்ற திருச்சி சங்கரன் 1971-இல் கனடாவுக்குப் போய் டொரொண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமனின் ஊரும் பக்கத்தில்தான். இவர்களைப் பற்றியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. இவர்களுடைய தாளக் கணக்கைக் கூட்டத்தில் நின்று விரலால் போட்டுப் பார்த்த மாணவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதற்கு நமக்கு இந்த ஆண்டு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதம் மட்டும்தான் கச்சேரியா என்று ஜூன் கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அதற்கு அப்புறம் மெல்லிசைக் கச்சேரிகளையும் பதிவில் சேர்த்துக்கொண்டோம். 1928-இல் ரயில்வே பணிமனை வந்த பொன்மலைப் பக்கத்து ஆர்க்கெஸ்ட்ராக்கள், ஆடி மாதத் தெருமுனை மேடைகள், பாட்டுப் பேரைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பியது, சீட்டைப் படித்த பாடகர் நம் தெருப் பேரையும் சேர்த்துச் சொன்னபோது வந்த சந்தோஷம், எல்லாம் வந்தன. ஆர்.இ.சி.யில் 1975-இல் தொடங்கிய ஃபெஸ்டெம்பர் விழாவைப் பற்றி மட்டும் ஆறு பேர் பேசினார்கள். அவர்களில் நான்கு பேர் அங்கே படித்தவர்களே அல்ல. பாட்டுக் கேட்கவென்றே டவுனிலிருந்து துவாக்குடிக்குப் போய், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, தஞ்சாவூர் ரோட்டில் லாரியை மறித்து ஏறி வந்தவர்கள்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சொன்னது வேறு விதம். அவர்களுக்கு அரங்கமே தேவைப்படவில்லை. ஆந்திரத்தில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, நாகஸ்வரம் சொல்லித்தரப் பள்ளியும் நடத்திய ஷேக் சின்ன மௌலானா சாகிப் வாழ்ந்த ஊர் அது. அவருக்கு 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது வந்தது. மறு வருடம் காலமானார். சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தின் கூடவே நடந்து கேட்டுப் பழகியவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது இன்றைக்கும் சிரமமாக இருக்கிறதாம்.

நாமே நடத்திய நிகழ்ச்சிகள் இரண்டு. முதலாவது நமக்குப் பாடமாக அமைந்தது. நல்ல ஏசி அரங்கம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். கச்சேரி தொடங்கி இருபது நிமிடம் கழித்து ஆறு மாணவர்கள் வந்திருக்கிறார்கள். பாஸ் இல்லையென்று வாயிலில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். கதவு சாத்தியிருந்ததால் வெளியே நின்று கேட்கவும் வழியில்லை. மறுநாள் அவர்களில் ஒரு பையன் போன் பண்ணி, "சார், கண்ணாடி வழியா வாயசைக்கிறது தெரிஞ்சுது, சத்தம் வரல" என்றான். அந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் விடவில்லை. வாயிலில் இருந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாணவர்கள் வந்தால் விடுங்கள் என்று செயலாளராகிய நான் சொல்லி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது நிகழ்ச்சியை நாம் கூடும் பள்ளியின் முற்றத்திலேயே வைத்தோம். மைக் இல்லை, பாஸ் இல்லை, ஜமக்காளம் விரித்துக் கேட்டைத் திறந்தே வைத்தோம். 30-க்கு மேல் மாணவ மாணவிகள் வந்தார்கள். பாதிப் பேர் கடைசிவரை நின்றுகொண்டே இருந்தார்கள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பாடிய பெண்மணி முதல் பாட்டு முடிந்ததும், பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கிறதா என்று விசாரித்து, சுருதியை மாற்றாமல் குரலை மட்டும் கொஞ்சம் திறந்து பாடினார். இனி நம் நிகழ்ச்சிகள் எல்லாமே இப்படித்தான் நடக்க வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். கல்லூரி விழாக்களில் அடையாள அட்டை பார்த்துத்தான் விடுகிறார்கள். கூட்ட நெரிசலை நினைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் செவ்வியல் இசை நிகழ்ச்சி ஒன்றையாவது ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள் என்று ஏழு கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு கல்லூரிகள் சரி என்று பதில் போட்டிருக்கின்றன.

கணக்கு: வரவு ரூ. 64,300. செலவு ரூ. 58,150. கையிருப்பு ரூ. 6,150. பொருளாளர் விவரமாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் இரண்டு பேரை இழந்தோம். ஒருவரின் குரலைப் பதிவு செய்து மூன்று வாரத்தில் அவர் காலமானார். மற்றவர், இந்தத் தீர்மானத்தை முன்மொழிந்த மூத்த உறுப்பினர். அவரை நாம் பதிவு செய்யவே இல்லை. எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் வருகிறவர்தானே, எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்களை முதலில் முடித்தோம். ஜனவரியில் போய்விட்டார். இந்தத் தவறை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து அவருடைய மகன் ஒரு டயரியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பி.எஸ்ஸி. கணிதம் படித்த வருடத்து டயரி. பென்சில் எழுத்து, பல இடங்களில் மங்கிவிட்டது. ஒவ்வொரு கச்சேரிக்கும் தேதி, ராகங்கள், பக்கவாத்தியம், அப்புறம் தான் நின்ற இடம். "தூணோரம்", "மேற்கு வாசல், மழை", "சுவர்மேல், இறங்கச் சொன்னார்கள்" என்றெல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் ராகமே எழுதவில்லை. 8+6+3+6+3+6 என்று எழுதி, கூட்டி, 32 என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருக்கிறார். எட்டு மாத்திரை தள்ளி எடுத்து, ஆதி தாளத்தில் ஒரே ஆவர்த்தனத்துக்குள், அதாவது 32 மாத்திரை கொண்ட ஒரு தாளச் சுற்றுக்குள், முடியும் கோர்வை (தாளக் கணக்குப் போட்டுக் கட்டிய முடிப்பு). அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "சரியாக வருகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை."

அவர் கேட்ட கேள்விக்கு அவர் கையெழுத்திலேயே பதில் கிடைத்திருக்கிறது. டயரி இப்போது சங்க அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. 140 பக்கத்தில் 52 பக்கம் படித்து எழுதியாகிவிட்டது. மீதியைப் படிக்க அவருடைய கையெழுத்துப் பழக்கமானவர்கள் வேண்டும். அவரோடு படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். வீட்டில் பழைய நோட்டீஸ், டிக்கெட், கச்சேரிப் படம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

அறிக்கையையும் கணக்கையும் ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்