சமுதாயக் கூடத்தில் டம்ளர் வாங்கி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சத்துணவுக் கூடத்தில் 27 வருடம் சமையல் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அண்டாவும் தட்டும் கழுவிய கை என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கொஞ்ச நாளில் புதுத்தண்ணீர் இங்கே வந்துவிடும். சின்ன வயதில் அதைப் பார்க்கக் கரையில் போய் நிற்போம். மூன்று வருடத்துக்கு முன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். தண்ணீருக்கு முன்னால் நுரை வந்தது, நுரைக்கு மேலே பிளாஸ்டிக் டம்ளர்கள் வந்தன. மதகில் போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் எங்கள் கொல்லைக்குள் ஏறிவிட்டது. மண்வெட்டியால் வாரிப் போட்டதில் பாதி டம்ளர் எங்கள் தெரு வளைகாப்பிலும் காதுகுத்திலும் குடித்துப் போட்டதுதான். யாரைத் திட்டுவது?

சாப்பாட்டுக்கு இங்கே வாழை இலைதான். பந்தி முடிந்ததும் மாட்டுக்குப் போய்விடும், அதில் குறை இல்லை. தொல்லையெல்லாம் டம்ளரில்தான். ஒருவர் வந்து போவதற்குள் தண்ணீருக்கு ஒன்று, பாயசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று, வெளியே வந்ததும் காபிக்கு ஒன்று என்று நான்கு டம்ளர் ஆகிறது. 200 பேர் வந்தால் 800. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருளில் பிளாஸ்டிக் டம்ளரும் உண்டு, உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. காகிதம்தானே, மக்கிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அந்தக் கப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துப் பாருங்கள், மெல்லிய தோல் மாதிரி பிளாஸ்டிக் கையோடு வரும்.

எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். சேமிப்பிலிருந்து 27,000 ரூபாய் எடுத்து எவர்சில்வர் டம்ளர் 300, டிபன் தட்டு 150, பாயசக் கிண்ணம் 200, கழுவ இரண்டு பெரிய அன்னக்கூடை வாங்கினோம். பாத்திரக் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் குழுவின் பெயரை வெட்டச் சொன்னோம். வாடகை ஒரு விசேஷத்துக்கு 500 ரூபாய். தொலைந்தால் டம்ளருக்கு 30. கழுவ இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு 400 கூலி. கப், தட்டு, சின்னத் தண்ணீர் பாட்டில் என்று கடையில் வாங்கினால் 200 பேருக்கு மூவாயிரத்துக்குக் குறையாது, கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

தண்ணீர் செலவாகுமே, சுத்தமாக இருக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவினால் தண்ணீர் கட்டுப்படியாகாது. முதலில் மிச்சத்தைத் தட்டி எடுத்துவிட வேண்டும். முதல் அன்னக்கூடையில் சபீனாவும் தேங்காய் நாரும், இரண்டாவதில் அலசல், கடைசியில் அடுப்பில் காய்ந்த வெந்நீர் அண்டாவில் ஒரு முக்கு. அப்புறம் கயிற்றுக் கட்டிலில் கவிழ்த்து வெயிலில் வைத்துவிடுவோம். 300 டம்ளருக்கு எங்களுக்கு எட்டுக் குடம் ஆகிறது. அலசின தண்ணீர் வாழைக்குப் போகிறது. சத்துணவில் நூறு பிள்ளைகளின் தட்டை இப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த டம்ளர் மேலத்தெருவுக்கும் போகிறது, கீழத்தெருவுக்கும் போகிறது. முதல் தடவை ஒரு வீட்டில் "யார் யார் குடித்ததோ" என்று முனகினார்கள். கழுவும் இடத்துக்கு வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்து பார்த்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். இரட்டை டம்ளர் வைத்திருந்த மண்ணில் இது எனக்குப் பெரிய விஷயம்.

ஆனால் பன்னிரண்டு பெண்களால் ஒரு ஊருக்குத்தான் வாங்க முடியும். ஊருக்கு ஊர் சமுதாயக் கூடம் கட்டுகிறார்கள். விளக்கு, மின்விசிறி, நாற்காலி எல்லாம் வைக்கிறார்கள். அதோடு 300 டம்ளர், 200 தட்டு, பின்பக்கம் ஒரு கழுவும் தொட்டி சேர்த்தால் என்ன? கூடத்து வாடகையோடு பாத்திர வாடகையையும் வாங்கிக்கொள்ளட்டும். கழுவும் வேலையை அந்த ஊர் மகளிர் குழுவுக்கே கொடுக்கட்டும். கேரளத்தில் 2015-ல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளையே பசுமை நெறிமுறை என்று வைத்து, தூக்கிப் போடும் பிளாஸ்டிக்கைத் தவிர்த்து நடத்தினார்கள். அத்தனை பேருக்கு முடிந்தது நம் காதுகுத்துக்கு முடியாதா?

வருகிற ஆவணிக்கு ஏழு வீட்டார் இப்போதே பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு வீட்டுக்கு ஒரே முகூர்த்தம். யாருக்கு இல்லை என்று சொல்வது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சத்துணவு சமையல் உதவியாளர்,
கும்பகோணம் வட்டம்.