ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா எங்கே போகிறாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். பேத்திக்குச் சளி விட்டதா? சுக்கும் கருப்பட்டியும் மாப்பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினேனே, தினமும் ஒரு வாய் கொடு.

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. “இந்த வயதில் எதற்கம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு அலைகிறாய், அந்தப் பேச்செல்லாம் யூடியூபிலேயே கிடைக்கிறதே” என்றாய். அக்கறையில் கேட்டாய் என்று தெரியும். அப்பா போன பிறகு தனிமையைத் தாங்காமல் அங்கே போகிறேன் என்றும் நினைக்கிறாய். அது அப்படி இல்லை. உட்கார்ந்து எழுதினால்தான் உனக்குப் புரியும்படி சொல்ல முடியும்.

ஞாயிறுதோறும் நான் போவது கல்வெட்டு படிக்கும் வகுப்புக்கு. அதில் இப்போது வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தைப் படிக்கிறோம். ராஜராஜன் பாண்டிய நாட்டைப் பிடிப்பதற்கு முன்பு நம் பக்கத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருந்தன. புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கிடையாது. பகரமும் வகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தனியாக உட்கார்ந்தால் ஒரு வரியைக்கூட என்னால் தாண்ட முடியாது.

கல்வெட்டை மை ஒற்றித் தாளில் படியெடுப்பதை மைப்படி என்பார்கள். அதை எப்படி எடுப்பார்கள் தெரியுமா? கல்லை முதலில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். பிறகு துணிப்பந்தில் மை தொட்டு மேலே ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழும்பி வரும். அப்படி எடுத்த ஒரு தாளில் ஒரு கோட்டை வைத்துக்கொண்டு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒன்று சொல்கிறார், கல்லூரியில் படிக்கும் பையன் வேறொன்று சொல்கிறான். எங்களோடு படிக்கும் கல்தச்சர் ஒருவர் எழுந்துபோய்க் கல்லையே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது உளி போட்ட கோடு இல்லை, கல் பொரிந்தது” என்றார். வாத்தியார் தம் நோட்டில் அதைத் திருத்திக்கொண்டார். போனில் பார்க்கும் பேச்சில் அந்தத் தச்சர் எங்கே உட்கார்ந்திருப்பார், சொல்.

நம் ஊர்க் கல்வெட்டு ஒன்றையும் படித்தோம். அம்பாசமுத்திரத்துக்கு அப்போது இளங்கோக்குடி என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் எங்கோ பெண்ணையாற்றங்கரையில் அரைசூரில் இருந்தபடி நம் ஊர்ச் சபையாரிடம் 290 காசு கொடுக்கச் செய்கிறான். முதல் தொகையைத் தொடக்கூடாது. காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் பொலிசையாக, அதாவது வட்டியாக, அளக்க வேண்டும். அந்த நெல்லில் கோயிலில் நான்கு பொழுதும் படையல். புளிங்கறி, பொரிக்கறி, நெய், தயிர், பழம் என்று அத்தனையும் கல்லில் வெட்டியிருக்கிறது. நாற்பது வருடம் அடுப்படியில் நின்றவள் நான். அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொழுதுபோக்கு என்று இதைச் சொல்லாதே. அந்தச் சொல் என் மனத்தைக் குத்துகிறது.

உனக்கு நினைவிருக்காது. 1990களில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது நானும் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். நீ என் மடியிலேயே தூங்கிப் போவாய். வந்தவர்கள் எல்லாம் பீடி சுற்றும் பெண்கள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். கண் பலகையில் இருக்கும், கை ஒரு நொடி நிற்காது. கதை, பாட்டு எதுவும் அவர்களுக்கு முதலில் வேண்டியிருக்கவில்லை. பீடிக் கடையில் பாஸ் புத்தகத்தில் என்ன எழுதித் தருகிறார்கள், கழிவு என்று எத்தனை தள்ளுகிறார்கள், அதைத் தாங்களே படிக்க வேண்டும் என்பதில்தான் குறியாக இருந்தார்கள். ஒருத்தி படித்தும் காட்டினாள். கணக்குப் பிள்ளை அதற்குப் பிறகு அவள் கணக்கைப் பார்த்துத்தான் எழுதினார். படிப்புக்கு வயது பார்க்கும் எண்ணம் அன்றே எனக்குப் போய்விட்டது.

இதெல்லாம் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. கம்பனை ரசித்துப் பேசிய ரசிகமணி டி.கே.சி. வீட்டில் வட்டத்தொட்டி என்று நடந்த இலக்கியக் கூட்டத்துக்குக் கம்பனைக் கேட்கக் கூடியவர்கள் யாரும் பரீட்சை எழுதுவதற்காகப் போகவில்லை. கொக்கிரகுளம் அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. உன்னைச் சிறு வயதில் அங்கே கூட்டிப்போனதோடு சரி, பெரியவர்களுக்கும் அங்கே கற்க இருக்கிறது என்பதை நாமெல்லாம் மறந்துவிடுகிறோம்.

எல்லாக் கூட்டமும் நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஒரு சொற்பொழிவில் வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை என்றே முக்கால் மணி நேரம் போனது. பேச வந்தவருக்கு மிஞ்சியது கால் மணி நேரம். கேள்வி கேட்க எழுந்த பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டார்கள். வெகு தொலைவிலிருந்து வந்தவள் அவள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கேள்விக்கு இடம் இல்லாத இடத்துக்கு நான் மறுபடி போவதில்லை.

உன் வீட்டுக்கே வந்து இருந்துவிடச் சொல்கிறாய். சித்திரை, வைகாசியில் வகுப்பு கிடையாது. அப்போது வந்து இரண்டு மாதமும் பேத்தியோடு இருக்கிறேன். ஆனி பிறந்ததும் என்னை ரயில் ஏற்றிவிட்டுவிடு. இதில் மாப்பிள்ளைக்கு வருத்தம் இருந்தால் நானே அவரிடம் பேசுகிறேன்.

பொங்கலுக்கு வரும்போது ஒரு ஞாயிறு சேர்ந்து வருகிற மாதிரி டிக்கெட் எடு. சேரன்மகாதேவி பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்கு வகுப்போடு போவதாக இருக்கிறோம். நீயும் வா, பேத்தியையும் கூட்டி வா. கைப்பிடி போட்ட நல்ல பூதக்கண்ணாடி ஒன்று உன் ஊரில் கிடைத்தால் வாங்கி வா. இங்கே வாங்கியது ஓரத்தில் எழுத்தை வளைத்துக் காட்டுகிறது.

அன்புடன்,
அம்மா