உறைந்தும் அடங்காத ஈலியம்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. கண்புரைச் சத்திரசிகிச்சை நலமாக முடிந்தது என்றறிந்து வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தோம். இங்கே பேர்த்தி பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கத் தொடங்கியதிலிருந்து என் மாலைப்பொழுதுகள் அவளுடைய கேள்விகளுக்கே போகின்றன. அவற்றுள் ஒன்றை உமக்கும் எழுதாமல் இருக்க முடியவில்லை: தனிப்பூச்சிய வெப்பநிலையில், அதாவது அதற்குமேல் குளிர்விக்க முடியாத எல்லையில், அணுக்கள் அசையாமல் நின்றுவிடும் என்று நீரும் நானும் உயர்தர வகுப்பில் எழுதிப் புள்ளி வாங்கினோமே, அது சரிதானா?

சரியன்று. ஓர் அணுவைச் சிறிய இடத்துக்குள் அடைத்தால் அதன் உந்தம் பூச்சியமாக இருக்க நிச்சயமின்மைக் கோட்பாடு விடாது. இடம் குறுகக் குறுகத் துடிப்புக் கூடும். ஆனையிறவு உப்புப் பளிங்கிலும் அந்தத் துடிப்பு உண்டு. ஆனால் அங்கே அணுக்கள் கனமானவை, ஒன்றையொன்று இறுகப் பற்றியவை என்பதால் அது கணக்கில் சேராது. ஈலியமோ இலேசானது, அதன் அணுக்களுக்கிடையிலான கவர்ச்சியும் மிக நொய்தானது. 1908 இல் லைடனில் கமர்லிங் ஒன்னசு அதைத் திரவமாக்கினார்; ஆனால் எவ்வளவு குளிர்வித்தும் அவரால் உறைய வைக்க முடியவில்லை. அவர் காலமான 1926 ஆம் ஆண்டிலேயே, அதே ஆய்வுகூடத்தில் வில்லெம் கீசோம் குளிர்வித்ததோடு நில்லாமல் அமுக்கியும் பார்த்தபோதுதான் அது திண்மமாயிற்று. ஏறத்தாழ 25 வளிமண்டல அமுக்கம் இல்லாவிட்டால் அது தனிப்பூச்சியம் வரைக்கும் திரவமாகவே கிடக்கும்.

சாதாரணத் திண்மத்தில் அணுவின் அதிர்வு அயலணுவுக்குள்ள தூரத்தில் பத்திலொரு பங்கை எட்டினால் அது உருகிவிடும். திண்ம ஈலியத்தில் அந்த அதிர்வு கடுங்குளிரிலும் ஏறத்தாழக் கால்பங்கு. இருந்தும் அது பளிங்காகவே நிற்கிறது. அம்மா மண்பானையில் பனங்கற்கண்டு விளைவித்தது உமக்கு நினைவிருக்கும்; ஒரு கட்டி வளர வாரக்கணக்கில் காத்திருந்தோம். ஈலியப் பளிங்கோ, உராய்வின்றி ஓடும் மீப்பாய்மத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில், உருகுவதும் உறைவதுமாக அலையடிக்கும். அந்திரேயெவ், பர்சின் ஆகியோர் 1978 இல் எதிர்வுகூறிய இந்தப் பளிங்கலைகள் அடுத்த ஆண்டே கண்டறியப்பட்டன.

ஈலியத்தின் இலேசான சமதானியான ஈலியம்-3 இன்னும் விந்தையானது. கெல்வினில் ஏறத்தாழ 0.3 பாகைக்குக் கீழே, தக்க அமுக்கத்தில், அதன் திரவத்தைச் சூடாக்கினால் அது உறைகிறது. பேர்த்தி இதை நம்ப மறுத்தாள். ஒழுங்கின்மையின் அளவான எந்திரப்பியைக் கணக்கெடுத்துப் பார்க்கச் சொன்னேன். திரவத்தில் இரண்டு அணுக்கள் ஒரே நிலையில் இருக்கக்கூடாது என்ற விதி எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிடுகிறது. திண்மத்தில் அணுக்கள் தத்தம் இடத்தில் இருப்பதால், கருக்களின் சுழற்சி மட்டும் மனம்போன திசைகளில் நோக்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே அங்கே ஒழுங்கின்மை திண்மத்துக்கே அதிகம். பொமெரான்சுக் 1950 இல் இதைக் குளிரூட்டும் வழியாக முன்மொழிந்தார்: திரவத்தை அமுக்கி உறையவைத்தால் அது குளிரும். அந்த வழியில் போய்த்தான் லீ, ரிச்சட்சன், ஒசெரொவ் ஆகிய மூவரும் 1972 இல் ஈலியம்-3 இன் மீப்பாய்மத்தைக் கண்டு, 1996 இல் நோபல் பரிசு பெற்றனர்.

நீர் கேட்டிருந்த மீத்திண்மத்துக்கு வருகிறேன். பளிங்காக இருந்துகொண்டே உராய்வின்றி ஓடும் பொருள் இருக்கலாம் என்று 1969 இல் அந்திரேயெவ், லிஃப்சிற்சு ஆகியோர் எழுதினர். 2004 இல் பென்சில்வேனியாவில் மோசஸ் சானும் அவருடைய மாணவர் கிம்மும் திண்ம ஈலியத்தை, முறுகி முறுகி இருபுறமும் சுழன்றாடும் முறுக்கல் ஊசல் ஒன்றில் அடைத்து அசைத்தபோது, ஏறத்தாழ 0.2 கெல்வினுக்குக் கீழே அலைவுகாலம் சற்றே குறைந்தது. ஈலியத்தில் ஒரு சிறுபங்கு சுழற்சியில் சேராமல் நின்றுவிட்டது என்பதே அதன் பொருளாகத் தோன்றியது. நாம் இருவரும் அப்போது எவ்வளவு பூரித்தோம்! ஆனால் 2007 இல் கனடாவில் டே, பீமிஷ் ஆகியோர், அதே வெப்பநிலையில் திண்ம ஈலியம் விறைப்பேறுவதை அளந்து காட்டினர். பளிங்கில் அணுவரிசை பிசகிய குறைகள் அசையும்வரை அது நெகிழும். கலப்பாக உள்ள ஈலியம்-3 அணுக்கள் குளிரில் அக்குறைகளைப் பற்றிக்கொண்டதும் விறைக்கும். விறைத்தால் ஊசல் வேகமாக ஆடும். (அக்குறைகளை முதலில் 'இடப்பெயர்வு' என்றே பேர்த்திக்குத் தமிழாக்கினேன். சொன்ன பிறகு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் நினைவுக்கு வந்து, 'வரிசைப்பிசகு' என்று மாற்றிக்கொண்டேன்.)

2012 இல் அந்த விறைப்பு ஊசலைத் தொடாதபடி கருவியைத் திருத்தி அளந்து, மீத்திண்மத்தின் தடயம் இல்லை என்று எழுதியவரும் சான்தான், வேறொரு கிம்முடன். எட்டு ஆண்டுகள் தன் பெயரோடு ஒட்டியிருந்த கண்டுபிடிப்பைத் தன் கையாலேயே அழிப்பது எளிதன்று. 2004 இன் கட்டுரையைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

ஆனால் எண்ணம் சாகவில்லை. 2019 இல் பீசா, இசுருட்கார்ட், இன்சுபுரூக் ஆய்வுக்குழுக்கள் காந்தத்தன்மை மிக்க அணுக்களின் குளிர்ந்த வாயுவில் மீத்திண்ம இயல்புகளைக் கண்டன. அங்கே அணுக்கள் தாமாகவே துளித்துளியாக வரிசைப்பட்டு, துளிகளுக்கிடையே ஒன்றுபட்டு ஓடவும் செய்கின்றன. காற்றைவிடப் பன்மடங்கு ஐதான அந்தப் பொருளை நீர் திண்மம் என்று ஒப்புக்கொள்ளமாட்டீர் என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று காரணம் காட்டி எழுதும். பேர்த்தி உமது பக்கம், நான் மறுபக்கம்.

என்றும் உம் நண்பன்