சீட்டு எடுப்பதற்கு முன்

திருவொற்றியூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேரனுக்குக் காது குத்திய செய்தி அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. உங்கள் பள்ளிப் பிள்ளைகளை, சீட்டு எடுத்து அதில் வரும் தலைப்பில் ஓரிரு நிமிடத்திலேயே பேசத் தொடங்கும் திடீர்த் தலைப்புப் பேச்சுப் போட்டிக்கு எப்படித் தயார் செய்வது என்று கடைசி இரண்டு வரியில் கேட்டிருந்தாய். பல ஆண்டுகளாக மாலை நான்கு மணிக்கு மேல் எனக்கு அதுவே வேலை என்பதால், அவசரமாக ஏதோ எழுதி அனுப்ப மனம் வரவில்லை.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்கிறேன். தொடக்கத்தில் கல்வி, ஒற்றுமை, சுற்றுச்சூழல், தாய்மொழி என்று பத்துத் தலைப்புகளுக்குக் கட்டுரை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யவைத்து, எந்தச் சீட்டு வந்தாலும் அந்தப் பத்தில் ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடு என்று சொல்லி அனுப்புவேன். ஒரு போட்டியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்குச் ‘சாவி’ என்று சீட்டு வந்தது. கல்வியே வாழ்வின் திறவுகோல் என்று கணீரென்று தொடங்கியவன், நான் எழுதிக்கொடுத்த நான்கு வாக்கியங்கள் தீர்ந்ததும் நின்றுவிட்டான். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் மீதி இருந்தது. மேடையிலிருந்து அவன் என்னைத் தேடிய பார்வை இன்றும் என்னை வருத்துகிறது. பெற்றோர் இருவரும் விடியலிலேயே வேலைக்குப் போய்விடுவதால், தினமும் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வருகிறவன் அவன் என்று பின்னால்தான் தெரிந்தது. மூன்று நிமிடத்துக்கு அதுவே போதும். அதையெல்லாம் மேடையில் சொல்லலாம் என்று அவனுக்கு நான் சொல்லித்தரவே இல்லை.

அன்றிலிருந்து என் பயிற்சி மாறிவிட்டது. தான் கண்டதும் தன் வீட்டில் நடப்பதும் அவையில் சொல்லத் தகுந்த பொருள்தான் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. சென்ற ஆண்டு காசிமேட்டு மாணவி ஒருத்திக்கு ‘ஓய்வு’ என்ற தலைப்பு வந்தது. அவளுக்கு முன் பேசியவர்கள் உடலுக்கு உறக்கம் எவ்வளவு தேவை என்று பேசிக்கொண்டிருக்க, இவள், “எங்கள் கடலுக்கு ஆண்டுக்கு 61 நாள் ஓய்வு” என்று தொடங்கினாள். மீன்கள் இனம் பெருகுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதையும், அந்த நாட்களில் அப்பா படகைப் பழுது பார்த்து வலையின் கிழிசலைப் பின்னுவதையும், அம்மா வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதையும் சொல்லி, “கடலுக்கு ஓய்வு, படகுக்கு ஓய்வு, என் அம்மாவுக்கு மட்டும் ஓய்வில்லை” என்று முடித்தாள். எச்சரிக்கை மணி அடித்தபோதும் அவள் பதறவில்லை. எந்த வாக்கியத்தில் முடிப்பது என்பதை மேடை ஏறும் முன்பே முடிவு செய்திருந்தாள்.

அந்த ஒரு பழக்கத்தை உன் பிள்ளைகளுக்கும் கட்டாயம் ஏற்படுத்து. சீட்டைப் பிரித்தபின் கிடைக்கும் ஓரிரு நிமிடத்தில் பலரும் முதல் வரியைத்தான் தேடுகிறார்கள். முதலில் கடைசி வரியை முடிவு செய்யச் சொல். பிறகு அதற்குப் போய்ச் சேரும் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளச் சொல். தாளில் மூன்று சொற்களுக்கு மேல் எழுத விடாதே. வாக்கியமாக எழுதினால் கண் தாளை விட்டு நகராது.

செய்தித்தாள் வாசிப்பதும் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இதே வகைப் போட்டியில் நடப்புச் செய்தி பற்றிய மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, 30 நிமிடம் தயாரித்து, 7 நிமிடம் பேசுகிறார்கள். சொல்லும் தகவலை எந்த ஏட்டிலிருந்து எடுத்தோம் என்பதையும் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். எண்ணூர் மாணவன் ஒருவன் கடல் மாசு பற்றிப் பேசிப் பழகும்போது, 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும் ஒன்றாகக் குழப்பிவிட்டான். இரண்டாவதை அவன் கண்ணாலேயே பார்த்தவன்; அவன் மாமாவின் படகில் கறுப்புக் கறை படிந்திருந்தது. ஆண்டு உறுதியாகத் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் கறையை மட்டும் சொல் என்றேன். மறுநாளே இரண்டு ஆண்டுகளையும் நூலகத்தில் சரிபார்த்துக்கொண்டு வந்தான்.

பெரம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அங்கே ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918இல் தொழிலாளர் தலைவர்கள் வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று தொழிற்சங்கம் வளர்த்த வரலாற்றைச் சொல்லிவைத்திருக்கிறேன். ஒற்றுமை என்ற தலைப்பு வந்தால் இனி யாரும் காகத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் காவிரியும் அணைக்கட்டும் இருக்கின்றன, அவற்றில் தொடங்கு.

குரல், கையசைவு ஆகியவற்றுக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக்காட்டினால், ‘வந்து’, ‘அதாவது’ என்று எத்தனை முறை சொன்னோம் என்பதைப் பிள்ளைகளே எண்ணிக் குறைத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். என் தலைப்புகள் எல்லாம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பழகிவிட்டன. என்ன கேட்பேன் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நீ இருபது தலைப்புகளைச் சிறு சீட்டுகளில் எழுதி, மடித்து, உறையில் போட்டு அனுப்பு. நானும் பார்க்காமல், வகுப்பில்தான் பிரிக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்